முதல் அல்பத்தின் குருவி

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத்தான் கரண்ட் வந்தது. கடைக்குள் மின்விசிறி ஒருமுறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே பாயில் படுத்திருந்த சசிகரன் எழுந்து உட்கார்ந்தான். சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போன பெட்டிகள் காலையில்தான் திரும்பியிருந்தன. அடிப்பக்கங்களில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. வயர்களைச் சுருட்டவில்லை, மைக்குகளைத் துடைக்கவில்லை. திருவிழா முழுக்க மிக்சருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தவனுக்கு இன்னும் காதுக்குள் நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை என்று சொல்லி இன்றைக்கும் ஜெமீலைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தான். அதுவும் போயிற்று.

ஜெமீல் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். துறைமுக வீதியில், மீன்பிடி வள்ளங்கள் கட்டுகிற இடத்துக்கு எதிரே, வெளியிணைப்பு இயந்திரங்கள் திருத்துகிற கொட்டில் அவனுடையது. நாள் முழுக்கக் கயிற்றை இழுத்து இழுத்து இயந்திரங்களை முடுக்கிப் பார்ப்பதில் வலது தோள் இறுகிப்போயிருந்தது. அந்தக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் நடக்கிறான்.

“கரண்ட் வந்திட்டு. இனிச் சாட்டு இல்ல” என்றான்.

“இரு மச்சான். தேத்தண்ணி சொல்லுறன்.”

“தேத்தண்ணி வேணாம். கசற்றப் போடு.”

கசற்றை அவன் இரண்டு கிழமைக்கு முன் கொண்டுவந்து கொடுத்தான். நாடா தேய்ந்து போய்விட்டது, இன்னும் ஒருமுறை சிக்கினால் அறுந்துவிடும், அதற்கு முதல் கொம்பியூட்டரில் ஏற்றித் தா என்று கேட்டான். சசிகரன் மறுநாளே ஏற்றிவிட்டான். கேட்கும்போதெல்லாம் இன்னும் இல்லை, வேலை கூட, திருவிழா முடியட்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

கசற்றில் இருந்த பேல் மெரிடியன் என்பது இங்கிலாந்துக்காரர் ஐந்து பேர் அரை நூற்றாண்டுக்கு முதல் தொடங்கிய குழு. புரோகிரசிவ் ரொக் என்று அந்த இசைக்குப் பெயர். ஒரு பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும். நடுவில் புல்லாங்குழல் வரும், தேவாலய ஓர்கன் வரும், தாளம் ஐந்தாகும், ஏழாகும், பிறகு எல்லாம் ஓய்ந்து மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்கும். திருகோணமலையில் அவர்களைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

முதல் மூன்று அல்பம்தான் பேல் மெரிடியன் என்பது ஜெமீலின் கட்சி. ஓர்கன்காரன் விலகிப் போனான், பாட்டுகள் ரேடியோவுக்கு ஏற்ற மாதிரிக் கட்டையாகின, பிறகு இரும்புக் கடையில் தகரம் விழுகிற மாதிரிக் கிற்றார், கடைசியில் ஒரு கிழவன் மூச்சு வாங்கிக்கொண்டு பாடுகிறான். சசிகரன் ஒத்துக்கொள்ள மாட்டான். முன்னுக்குப் போகிறோம் என்று சொல்லி வந்தவர்கள் அதே இடத்தில் நிற்க முடியுமா? ஆறாவது அல்பத்தில் தனியே பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை முதல் அல்பத்தில் செய்திருக்க முடியுமா? “உனக்குச் சத்தம் வேணும். அவங்களுக்கு வயசு போகுது எண்டது விளங்கேல்லை” என்பான். “உனக்கு எல்லாமே பிடிக்கும். கோயில்ல பாட்டுப் போட்டுப் போட்டு உன்ட காது செத்துப்போச்சு” என்பான் ஜெமீல். இருபது வருட வெள்ளிக்கிழமைகள் இப்படிப் போயிருந்தன. பேசுவதற்கு வேறு விஷயமும் அவர்களுக்குள் அதிகம் இருக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, வீட்டைப் பற்றி ஒன்றிரண்டு சொல் பேசிவிட்டு இதற்கு வந்துவிடுவார்கள்.

சண்டை உண்மையில் சூடானது குருவியில். முதல் அல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிற நீளப் பாட்டு, ஜெமீலின் கசற்றில், முடிவுக்குக் கிட்ட வரவர வேகம் எடுக்கும். ஆரம்பத்தில் தெரியாது. பிறகு தாளம் அடிக்கிற றம்ஸ்காரன் விரட்டத் தொடங்குவான், ஓர்கன் மேலே மேலே ஏறும், கடைசி அரை நிமிடத்தில் எல்லோரும் தலைதெறிக்க ஓடுவார்கள். அந்த ஓட்டத்துக்கு அடியில் ஒரு குருவி, ஒரே ஒருமுறை, கீச்சென்று கத்திவிட்டுப் போகும். பின்னால் சீடி வந்தபோது அதில் வேகமும் இல்லை, குருவியும் இல்லை. யூரியூப்பிலும் இல்லை. ஜெமீல் சொன்னான்: “மாறட்டும். மாறுறது அவங்கட இஷ்டம். பழச ஏன் போய் மாத்தின? அந்தக் குருவி அவங்களுக்கு என்ன செஞ்ச?”

கசற் அவன் நானா என்று கூப்பிடுகிற அண்ணன் அர்ஷாக்கினது. கப்பல்களுக்கு மரக்கறி ஏற்றுகிற ஒருவரிடம் வேலை செய்தவர். கரகரத்த குரல். வெள்ளிக்கிழமைகளில் சசிகரனுக்குத்தான் போன் எடுத்து, “சசி, அவன் அங்கயா? சண்டை முடிஞ்சா வரச் சொல்லுங்க” என்பார். நோன்புப் பெருநாளுக்குக் கொஞ்சம் முதல், சிறுநீரகம் கைவிட்டு, மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு ஜெமீல் சசிகரனோடு மட்டும் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, பேல் மெரிடியன் ரசிகர்களின் முகநூல் பக்கத்துக்குப் போனான். உலகம் முழுக்க இருக்கிறவர்கள். வேகமெடுக்கிற பதிவு ஒன்று இருந்தது, குருவியோடு, என்னிடம் இருக்கிறது என்று எழுதினான். சிரித்தார்கள். அப்படி ஒரு பதிவே கிடையாது என்று அல்பங்களின் பதிப்புகளை எல்லாம் வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். ஷெபீல்டில் இருந்து ஒருவன், குருவியின் படத்தையும் அனுப்பு என்று கேட்டான். இன்றைக்கு இரவு கசற்றையே போடுகிறேன், உங்கள் காதால் கேளுங்கள் என்று ஜெமீல் சவால் விட்டிருந்தான். இதைச் சசிகரனுக்குச் சொன்னது ஜெமீலின் மனைவி பஹ்மியா. “அந்த ஆக்கள் என்ன எழுதினாலும் இவருக்கு நானாவப் பேசின மாதிரி இருக்கு. நீங்க எப்பிடியாச்சும் அந்தக் கசற்றச் சரியாச் செஞ்சு குடுங்க” என்று கேட்டிருந்தாள்.

கசற்றைக் கணினியில் ஏற்றிய அன்றே சசிகரன் கண்டுபிடித்துவிட்டான். மாறியது பாட்டில்லை, நாடா. தொடக்கத்தில் சீடியும் கசற்றும் ஒன்று. போகப்போக ஜெமீலின் கசற்றில் சுருதியும் சேர்ந்து மேலே ஏறுகிறது. றம்ஸ்காரன் விரட்டினால் தாளம்தான் வேகமாகும், ஓர்கனின் சுருதி எதற்கு ஏற வேண்டும்? பதியும்போது ஏதோ பிழைத்திருக்கிறது. இருபது வருடச் சண்டையில் வென்றுவிட்டான். ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு அடுத்த வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்த்தான். கணினியை அணைத்துவிட்டுச் சல்லிக்குப் போகிற லொறியில் பெட்டிகளை ஏற்றினான்.

இப்போது ஜெமீல் கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டான். சசிகரன் பாட்டை முழுதாகப் போட்டான். வெளியே ஐஸ் ஏற்றிய லொறி ஒன்று தண்ணீரைச் சிந்திக்கொண்டு போனது. பாட்டு வேகமெடுக்கத் தொடங்கியதும் ஜெமீலின் பெருவிரல் கதிரையின் கையில் தட்டியது. கடைசி ஓட்டம் வந்தது. குருவி கத்தியது. ஜெமீல் சிரித்தான்.

“கேட்டியா? இதத்தான் களவெடுத்தவங்க. அப்பிடியே அனுப்பு. என்ட போனுக்கு.”

சசிகரன் மவுசில் கையை வைத்தபடி இருந்தான். சொல்லாமல் அனுப்பினால் இரவைக்கே யாராவது ஒருவன் சுருதியை அளந்து பார்த்துவிடுவான். இந்த முறை சிரிக்கிறது பெரிதாக இருக்கும். சொல்வதென்றால், சசிகரன்தான் சொல்ல வேண்டும்.

“இது எங்க பதிஞ்சது மச்சான்? ரவுணில கடையிலயோ?”

“கடையா? நானா பதிஞ்ச. எங்கட வீட்ட, கிண்ணியாவில.”

“உங்கட பக்கம் அப்ப கரண்ட் வந்திட்டுதோ?”

“எங்க வந்த! அது பெரிய கதை. உனக்குச் சொன்னதில்லையா?” ஜெமீல் கால்களைத் தூக்கி ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் போட்டான். “கப்பல் இன்ஜினியர் ஒருத்தன் நானாக்கு இந்த அல்பத்தின்ட கசற்றக் கேக்கக் குடுத்திருந்த. அண்டைக்குப் பின்னேரம் கப்பல் வெளிக்கிடுது. பாதைப் படகில ஏறிக் காலையில வீட்ட ஓடி வந்த நானா, பதிஞ்சு எடுத்துக்கொண்டு திரும்பிப் பாதையில போய்க் குடுக்கோணும். பாலம் எல்லாம் இப்ப வந்ததுதானே. ரெண்டு ரேடியோ செற். ஒண்டு எங்கட, மத்தது மாமிட. ஒண்டுக்கொண்டு முகம் பாக்க வச்ச. வயர் கியர் ஒண்டும் இல்ல, இது பாடும், அது காது குடுத்துப் பிடிக்கும். பேசப்படாது எண்டு உம்மாவையும் கோழியையும் வெளிய கலைச்சுக் கதவச் சாத்தின.”

“ரெண்டுக்கும் பற்றரி?”

“ஒரு செற்றுக்குத்தான் இருந்த. அதப் பாடுற செற்றுக்குப் போட்ட. பதியிற செற்றுக்கு நானா சைக்கிளத் தலைகீழா நிப்பாட்டி, டைனமோவில வயர் இழுத்து… டேய், அந்தாள் இன்ஜினியராப் போயிருக்கோணும்டா. பெடலச் சுத்துற வேலை எனக்கு. சின்னப் பொடியன் நான், முழுப் பக்கமும் சுத்தின. கடைசியில கை விட்டுட்டு. ஆனா நிப்பாட்டல்ல. நிப்பாட்டினாப் பாட்டு வெட்டுப்பட்டுப் போகும் எண்டு…”

அவன் நிறுத்தினான். திரையைப் பார்த்தான். கால்களைப் பெட்டியிலிருந்து கீழே இறக்கினான்.

தொழில்காரன் ஜெமீல். இயந்திரத்துக்கு என்ன பிழை என்று அதன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவன். சசிகரன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“டைனமோ மெல்லமாச் சுத்தினாக் கரண்ட் குறையும்” என்றான் ஜெமீல், கொட்டிலுக்கு வருகிற யாருக்கோ விளங்கப்படுத்துகிற மாதிரி.

“ஓம்.”

“கரண்ட் குறைஞ்சாப் பதியிற நாடா மெல்லமா ஓடும்.”

“ஓம்.”

“மெல்லமாப் பதிஞ்சதக் கொண்டுபோய் நல்ல செற்றில போட்டா, அது விழுந்தடிச்சுக்கொண்டு…” முடிக்கவில்லை. “அப்ப றம்ஸ்காரன்?” என்றான்.

“அவன் கடைசி மட்டும் ஒரே வேகத்திலதான் அடிச்சவன்.”

“உனக்கு எப்ப தெரியும்?”

“ஏத்தின அண்டைக்கு. எப்பிடி நடந்தது எண்டு இப்பதான் தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்தானே. நீதானே வென்ற.”

சசிகரன் கண்களைக் கசக்கினான். “அலுப்பா இருந்தது மச்சான்” என்றான். அது பொய்யும் இல்லை.

ஜெமீலின் போன் மேசையில் அதிர்ந்தது. முகநூல் பக்கம். எங்கே உன் குருவி என்று ஒருவன் கேட்டிருந்தான், கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். ஜெமீல் அதைப் படித்தான். போனைக் கவிழ்த்து வைத்தான். வலது தோளை இடது கையால் பிடித்து அழுத்திக்கொண்டான். இத்தனை வருடமாக இந்த மனிதன் எந்த ஓட்டத்தைக் கேட்டுக் கண்ணை மூடினானோ, அது ஒரு சின்னப் பொடியனின் கை சோர்ந்த கதை. ஆறாவது அல்பத்தைப் போடுவோமா என்று கேட்க நினைத்தான் சசிகரன். அது இப்போது சரியில்லை.

“சரி” என்றான் ஜெமீல். “வேகம் நான். ஒத்துக்கொள்ளுறன். கை விட்டுட்டு, வேகம் வந்திட்டு. குருவி? அதுவும் நானா? கதவு சாத்தியிருந்த. கோழியையும் கலைச்சிட்ட. குருவி எங்கால வந்த?”

“விடு மச்சான். சீலிங்கில இருந்திருக்கும்.”

“சீலிங்கா? எங்கட ஓலை வீடு. குருவி இருந்த எண்டா எனக்குத் தெரியாதா? இறக்கு. உன்னால ஏலும்தானே. அந்த இடத்த மட்டும் பாட்டின்ட சரியான வேகத்துக்கு இறக்கு.”

சசிகரன் கடைசி அரை நிமிடத்தைத் தனியே வெட்டி எடுத்தான். சீடியில் இருந்த பாட்டைப் பக்கத்தில் வைத்து, ஓர்கன் அதன் சுருதிக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தான். நிறையக் குறைக்க வேண்டியிருந்தது. பாதிக்குக் கிட்ட. அந்தப் பொடியன் அவ்வளவு களைத்திருக்கிறான். மின்விசிறியின் இரைச்சல் இடைஞ்சலாக இருந்ததால் அதை நிறுத்தினான். போட்டான்.

ஓட்டம் இல்லை. றம்ஸ்காரன் வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிறவனைப் போல அடித்தான். ஓர்கன் பாரமாக, ஒவ்வொரு சுரமாகக் காலை எடுத்து வைத்தது. அதற்கு அடியில், இதுவரை கேட்காத ஓர் அரைபடுகிற சத்தம்: டைனமோ, சக்கரத்தில் உரசி, தயங்கி, மீண்டும் உரசி. அதற்கும் அடியில் ஒரு பிள்ளையின் மூச்சு, வாயால் விடுகிறது. ஜெமீல் முன்னுக்குச் சரிந்தான். குருவி கத்துகிற இடம் வந்தது. குருவி கத்தவில்லை. பதிவில் விழுந்துவிடக் கூடாது என்று தணித்த ஓர் இளம் ஆணின் குரல், அப்போதே கரகரப்பு விழத் தொடங்கியிருந்த குரல், சைக்கிளுக்குக் கிட்டக் குனிந்து கேட்டது:

“கை நோவுதாடா, தம்பி?”