நாத்தனாரின் மஞ்சள் சுடர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கு அதை அடக்கிய பாடு எனக்குத்தான் தெரியும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் நான் உதவியாள். பர்னர் முன்னால் தேர்வுக்கு நிற்பதோ என் நாத்தனார். வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு உறவு தெரியும். “ஒரு வார்த்தை பேசினாலும் ரெண்டு பேரும் வெளிய” என்று சொல்லிவிட்டார்.

செய்முறைத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவள். இதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால் பள்ளிக்கூடத்தில் வேலை. இல்லையென்றால் பழையபடி தையல் மெஷின்.

அவளுக்குக் கொடுத்த உப்பில் இருந்தது பொட்டாசியம். அதை அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுடரில் காட்டினால் இளம் ஊதா வரவேண்டும். பிளாட்டினம் கம்பியை ஆசிட்டில் கழுவினாள், காய்ச்சினாள், ஆறவைத்தாள். எல்லாம் சரி. அப்புறம் செய்தாள் பாருங்கள் ஒரு வேலை! விரலை நாக்கில் தொட்டு, கம்பி நுனியை நீவிவிட்டாள். இருபது வருஷம் ஊசியில் நூல் கோத்த கை, சும்மா இருக்குமா? எச்சிலில் உள்ள துளி சோடியம் போதும். உப்பைத் தொட்டு நீட்டியதும் சுடர் பளிச்சென்று மஞ்சளானது. “சோடியம்” என்று எழுதினாள்.

அடிப்பாவி, குடி கெட்டது!

“நிச்சயமாம்மா?” என்றார் தேர்வாளர்.

“இன்னொரு தடவை பாத்துடறேன் சார்.”

மறுபடி ஆசிட், மறுபடி நாக்கு, மறுபடி நீவல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்த முறை உப்பைத் தொடும் முன்பே வெறும் கம்பியைச் சுடரில் நீட்டினாள். அதே மஞ்சள்!

“உப்பே வைக்கலையே...” என்று முனகினாள். விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்புறம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளாத குறைதான். கம்பி எந்த நிறமும் காட்டாத வரை கழுவிக் கழுவிக் காய்ச்சினாள். பிறகுதான் உப்பு. ஐயோ, அந்த இளம் ஊதா! எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

“பொட்டாசியம் சார்.”

“அப்ப முதல்ல எழுதின சோடியம்?”

“அது என் எச்சில் சார்.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். “காலையிலேர்ந்து முப்பது பேர் செஞ்சாங்க. வெறும் கம்பியக் காட்டிப் பாத்தது நீங்க ஒருத்தர்தாம்மா.” முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். “போய்ட்டு வாங்க, டீச்சர்.”

யாரைக் கூப்பிடுகிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.