கண்ணாடியில் தெரிந்த டேப்

தையல்காரி ஃபேஸ்புக்கில் போட்ட புகைப்படத்துக்குக் கீழே, “படம் பிரமாதம் அண்ணி!” என்று நாத்தனார் எழுதியிருந்தாள். மாமியார் பூ போட்டிருந்தார். ஓரகத்தி கைதட்டியிருந்தாள். தையல்காரிக்கு எரிச்சலாக வந்தது.

“மங்கலா எடுத்தாலும் பிரமாதம், நல்லா எடுத்தாலும் பிரமாதம்னா நான் எப்பத்தான் கத்துக்கறது?”

“பாராட்டினாலும் குத்தமா?” என்றான் கணவன்.

அன்றே வேறொரு பெயரில் புதுக் கணக்குத் தொடங்கினாள். பக்கத்துக் கடையில் முடிதிருத்துபவர் சவரம் செய்யும் படத்தை ஒரு புகைப்படக் குழுவில் போட்டு, “குறைகளைச் சொல்லுங்கள்” என்று எழுதினாள்.

மாலையில் பதில் வந்தது. “கத்தி பிடிச்ச கை அழகு. ஆனா பின்னாடி தொங்குற துண்டுதான் கண்ணை இழுக்குது. கண்ணாடியில படம் எடுக்கறவங்களும் தெரியறாங்க.” எழுதியவள் நாத்தனார்!

உடனே போன் செய்தாள். “முகம் தெரியாதவங்ககிட்ட மட்டும்தான் உண்மை பேசுவியாடி?”

“முகம் தெரியலைதான். கழுத்துல தொங்குற டேப் தெரிஞ்சுதே அண்ணி!”

“நான்னு தெரிஞ்சேவா எழுதினே?”

“உங்க பேர்ல இருந்தா எங்கம்மா படிப்பாங்க. ‘என் மருமகளையா குறை சொல்றே’ன்னு என்னை உரிச்சிடுவாங்க.”

“அப்ப இனிமே எல்லாப் படமும் இந்தப் புதுப் பேர்லதான். விடாம திட்டணும்.”

“அழ மாட்டீங்களே?”

“எத்தனை ஜாக்கெட்டைப் பிரிச்சுத் தைச்சிருக்கேன், அழுதேனா?”

டேப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

“மறுபடியுமா? சவரத்துக்கு யாரும் வரலையேம்மா” என்றார் முடிதிருத்துபவர்.

“வர்ற வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள அந்தத் துண்டை எடுத்து உள்ளே வைங்க.”