மத்தியானத்துக்கு மேல் போறணை அவனுக்கு

கணேசமூர்த்தி பின்வாசலால்தான் வந்தான். முன்வாசலால் வா என்று நான் கூப்பிடவும் இல்லை, கூப்பிடுவேன் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை. முழங்கால் வரை சேறு, தலைமயிரிலும் சேறு. அவனுடைய பேக்கரியின் மேல் மலை இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் தட்டில் பணிஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். எப்படியிருக்கிறீர்கள், என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. "அக்கா, செல்லசாமி அண்ணன் கடையில பேசுனது ஞாபகம் இருக்குங்களா" என்றான். என் புருஷன் அன்டன் எனக்குப் பின்னால் வந்து நின்று மாட்டைப்போல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். இருக்கிறது என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது? பேசியது நான்தானே.

பொகவந்தலாவை ரோட்டில் எங்கள் சந்தியில் மொத்தம் இரண்டு பேக்கரி. ரோட்டுக்குக் கீழ்ப்பக்கம், ஓயா ஆற்றைப் பார்த்தபடி எங்களுடையது. மேல்பக்கம், மலையை வெட்டிக் கட்டியது அவனுடையது. அவன் முதலில் எங்களிடம்தான் பாஸாக, பெரிய வேலைக்காரனாக இருந்தான். மாப் பிசைவதிலிருந்து பாண் சுடும் போறணைக்கு நெருப்புப் போடுவது வரை எல்லாம் அவன் கைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்மஸ் கேக் ஓடர் மலைபோலக் குவிந்திருந்த கிழமையில், ஏப்ரனைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டுப் போனவன், சித்திரை வருஷப்பிறப்பு கழிந்ததும் எதிரிலேயே பேக்கரி திறந்தான். அன்டன் ஆட்களுக்கு முன்னால் தன்னை அறைந்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அறைந்தது உண்மைதான். அதற்காகக் கேக்கை அப்படியே விட்டுவிட்டா போவது? அன்றிலிருந்து அவன் முகத்தில் நான் முழித்ததில்லை. பாண் விற்கிற அவனுடைய சூன் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு தோட்டத்து லயத்துக்கு ஏறும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அப்படிப்பட்டவனிடம் நானே போய் நிற்கவேண்டி வந்தது எங்கள் சுவரால். போன மழைக்கே பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மண்சரிவு பார்க்க வந்த ஐயாமார், பெருமழை வந்தால் உள்ளே படுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்டன் வெடிப்புக்குச் சீமெந்து பூசி, அந்தோனியார் படத்தை மாட்டி, வேலை முடிந்தது என்று கையைத் தட்டினார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. விழும் என்று வைத்துக்கொண்டே யோசிக்கிற புத்தி எனக்கு. உபரியாக இருந்த பாண் அச்சுகளையும் கொஞ்சம் மா மூட்டையையும் அட்டனில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். கடைப் பத்திரங்கள் கோயில் பாதரிடம். ஆனால் போறணையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? கட்டடம் போனால் புதுப் போறணை கட்டிக் காயவைத்து எடுக்க எத்தனை மாதம்? எங்கள் ஆட்டோ நாலு நாள் லயத்துக்குப் போகாவிட்டால் ஐந்தாம் நாள் சனம் அவன் பாட்டுக்குக் காது கொடுத்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை போறணை கட்டினாலும் பூனைதான் வந்து படுக்கும்.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, சந்தி வியாபாரிகள் சங்கத் தலைவர் செல்லசாமி அண்ணனின் பலசரக்குக் கடையில் மூர்த்தியைக் கூப்பிட்டுப் பேசினேன். யாருடைய கட்டடம் விழுந்தாலும் விழாதவர் போறணை கொடுக்க வேண்டும். காலையில் சொந்தக்காரருக்கு, மத்தியானத்துக்கு மேல் மற்றவருக்கு, திரும்பக் கட்டி முடியும்வரை. மூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். பிறகு சிரித்தான். "அதுக்கென்னங்கக்கா, குடுத்துட்டாப் போச்சு" என்றான். தன் கடைக்கு ஒன்றும் ஆகாது என்ற திமிரில்தான் இவ்வளவு லேசாகச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னானே. அந்த மழைக்காலம் முழுக்க, தகரத்தில் மழை கொட்டக் கொட்ட, விழுந்தால் விழட்டும், மத்தியானத்துக்கு மேல் எனக்குப் போறணை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்கினேன்.

விழுந்தது அவனுடையது. வெட்டிய மலை அப்படியே சரிந்து பேக்கரியின் மேல் உட்கார்ந்துவிட்டது. அவனும் பெண்சாதியும் சத்தம் கேட்டு ஓடித் தப்பியது பிள்ளையார் புண்ணியம். வெடித்த சுவரோடு எங்கள் கடை ஒரு ஓடுகூட அசையாமல் நின்றது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஐயோ பாவம் என்று வாய் சொல்லியது, மனசு அவன் பாண் விற்ற மேல்பிரிவு லயங்களுக்கு எத்தனை பாண் கூடுதலாகப் போடலாம் என்று கணக்குப் போட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்றார் அன்டன். செல்லசாமி அண்ணன் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நானும் சரி என்றிருப்பேன். அந்த மனுஷன் சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், மூர்த்தி பிழைத்தான், றோசலின் சொன்னால் சொன்னதுதான் என்று என்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் என் கதை.

ஆக, கொடுத்தேன். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. பின்வாசலால் வரவேண்டும், பின்வாசலால் போகவேண்டும். என் மா மூட்டைகள் இருந்த அறைக்கு அவன் கண் முன்னாலேயே பூட்டுப் போட்டேன். அவன் வேலை செய்யும் நேரமெல்லாம் நான் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. நான் துடைத்து வைத்த மேசையைத் திரும்பத் துடைத்தான். மாவும் அச்சும் கடனுக்கு வாங்கினான், விறகும் தண்ணீரும் தானே கொண்டுவந்தான். ஒருநாள் பிளேன்டீ கொடுத்தேன், ஆடை படியும்வரை அப்படியே வைத்துவிட்டுப் போனான். போறணைக்குள் தலையை விட்டுப் பார்த்து, சாம்பல் இப்படியா கட்டிக்கிடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சாயங்காலம், மண்ணுக்குத் தப்பிய அவன் ஆட்டோ என் போறணையில் வெந்த பாணை ஏற்றிக்கொண்டு, அவன் பாட்டைப் போட்டுக்கொண்டு மேலே ஏறும். பெண்சாதி பள்ளிக்கூட மண்டபத்தில் லயத்துச் சனங்களோடு பாயில் கிடக்கிறாள், இவனுக்குக் கொழுப்பு மட்டும் குறையவில்லை.

இரண்டு கிழமை பொறுத்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்கு அவன் அச்சுகளில் மாவைப் போட்டு, துணியால் மூடி, பொங்குவதற்கு வைத்துவிட்டு, போறணைத் தணலைக் கம்பால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் தொடங்கினேன். என்னைப்போல வேறு எவளாவது இருந்தால் உன்னை வாசல்படி மிதிக்க விட்டிருப்பாளா, நீ செய்துவிட்டுப் போன வேலைக்கு நான் செய்கிறதைப் பார், வார்த்தை என்றால் இப்படி இருக்கவேண்டும், இதை உன் பெண்சாதிக்காவது போய்ச் சொல் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவன் கம்பைச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பினான்.

"ஒங்க கட்டடம் விழுந்திருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்க்கா."

குரலை உயர்த்தக்கூட இல்லை. "அன்னிக்கு சரின்னு சொன்னதே, எப்படியும் ஒங்க செவரு விழும், நீங்க வந்து வாசல்ல நிப்பீங்க, அப்ப இல்லைன்னு சொல்லணும்னுதான். ஆளுங்க முன்னால வாங்குன அறைக்கு அதுதான் பதில்னு வச்சிருந்தேன். நீங்களும் ஊரு பாக்குதுன்னுதானே குடுக்குறீங்க. அப்புறம் எதுக்கு நன்றி?"

அவன் கெட்டவன் என்பது எனக்குப் புதிதா? எட்டு வருஷமாகத் தெரியும். ஆனால் அந்த மழைக்காலத்து ராத்திரிகள் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. சுவர் ஒருபக்கம் வெடித்துக்கொண்டிருக்க, இவன் வார்த்தையைத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விட்டிருக்கிறேன். மூட்டை கட்டினேன், பத்திரம் ஒளித்தேன், எல்லாவற்றிலும் நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்தேன். கடைசியில் அன்டனின் அந்தோனியார் படத்துக்கும் என் யோசனைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"வெளிய போ" என்றேன்.

அவன் போகவில்லை. துணியை விலக்கினான். மா அச்சின் விளிம்புக்கு மேல் பொங்கி நின்றது. இனி நிற்காது, இப்போது வைக்காவிட்டால் அமுங்கிப் புளித்துவிடும், பன்றிக்குத்தான் போடவேண்டும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் நீளக் கம்புப் பலகையில் அச்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றி உள்ளே தள்ளினான். நான் தடுக்கவில்லை. மாவோடு எனக்கு என்ன சண்டை? இரும்புக் கதவை மூடிவிட்டு அவன் விறகுக்கட்டையில் உட்கார்ந்தான், நான் முக்காலியில் இருந்தேன். நாளைக்கு வராதே, செல்லசாமி அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாண் வேகும் மணம் அறைக்குள் வந்துவிட்டது.

அப்போதுதான் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ மூர்த்தி, மூர்த்தி என்று கூப்பிட்டார்கள். காலையிலிருந்து பெக்கோ மெஷின் ஒன்று அவனுடைய கடை மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. மாப் பிசையும் மெஷின் தெரிகிறதாம், ஓடி வா, இல்லாவிட்டால் பெக்கோக்காரன் வாளியால் கொத்திவிடுவான் என்றார்கள். அது முழுசாக வெளியே வந்தால் அவனுக்குப் பாதிக் கடை வந்த மாதிரி. மூர்த்தி எழுந்தான். போறணையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வெந்ததும் எடுத்துடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

பின்வாசலை மறந்து, முன்வாசலால், கடையைத் தாண்டி ஓடினான். நான் எழுந்து போறணை முன்னால் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் பாணை எடுக்க நான் மணிக்கூட்டைப் பார்த்ததில்லை, மணம் சொல்லும். இப்போது எடுத்தால் மேலோடு பொன்னிறமாக இருக்கும். சுவரில் சாத்தியிருந்த கம்புப் பலகையை எடுத்தேன். அவன் கை பட்ட இடத்தில் மா ஒட்டியிருந்தது. எடுக்கலாம் என்று நினைத்தேன். நான் எடுக்க மாட்டேன் என்றும் நினைத்தேன். மணம் கொஞ்சம் மாறியது. கதவின் இடுக்கால் மெல்லிசாகப் புகை வந்தது.

பலகையைப் பிடித்தபடியே திரும்பி முன்வாசல் வழியாகப் பார்த்தேன். ரோட்டுக்கு அப்பால் மூர்த்தி சேற்றுக்குள் இறங்கி, இரண்டு கையையும் விரித்து மாப் பிசையும் மெஷினை மறைத்துக்கொண்டு, பெக்கோக்காரனிடம் ஹெமின், ஹெமின் என்று, மெதுவாக அள்ளச் சொல்லி, சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தான். முதுகு என் பக்கம் இருந்தது. பாணை நான் எடுத்துவிடுவேன் என்று நம்பினானோ என்னவோ, ஒரு தடவைகூட அவன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.