கணுக்காலில் ஒரு கறுப்பு நூல்

என் தங்கை தக்சாயினி குதிரை ஏறப் பழகத் தொடங்கியபோது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஏறலாம், ஆனால் எங்கள் குடும்பப் பெயரோடு போட்டி மைதானத்துக்குள் போகும் நாளில் அவள் உடையிலோ குதிரையின் சேணத்திலோ ஒருவரும் குறை சொல்லக் கூடாது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. எங்கள் ஐயா இறந்தபின் அவளை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, படிப்பித்து, கலியாணம் செய்து வைத்தவன் நான். அதனால் நிபந்தனை வைக்க எனக்கு உரிமை இருந்தது.

அவள் ஏறுவது அமெரிக்க முறைச் சவாரி. முன்னங்கால்களை உயரத் தூக்கி வைக்கும் ஒரு குதிரை இனம். அதன்மேல் முதுகு வளையாமல், சற்றுப் பின்தள்ளி உட்கார வேண்டும். ஜெர்மனியில் அந்தக் குதிரைகள் குறைவு. எங்கள் பக்கத்தில் ஆண்டுக்கு ஒரு போட்டிதான். இந்த முறைதான் அவள் முதன்முதலாகப் பெயர் கொடுத்திருந்தாள். ஜன்னல் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரம் பார்த்தவன் நான். விதிப் புத்தகத்தை மூன்று முறை வாசித்தேன்.

போட்டியன்று காலை லாயத்தில் அவளை நிற்க வைத்துப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் கருநீலக் கோட், அதே துணியில் காற்சட்டை. அதன் விரிந்த அடி சப்பாத்தின் குதியை மூடி, உள்ளங்காலின் கீழே வாரால் இழுத்துப் பூட்டப்பட்டிருந்தது. கழுத்துப்பட்டி நேராக இருந்தது. தாலிக்கொடி சட்டைக்குள். கொண்டை வலைக்குள். வட்டத் தொப்பியை மட்டும் இரண்டு விரல் முன்னுக்கு இறக்கச் சொன்னேன்.

"குதிரையைப் பார்க்க முதல் இவர் எங்களைச் சோதிச்சு முடிச்சிடுவார்," என்றாள் என் மனைவி ரஞ்சினி.

லோட்டே என்ற அந்தச் செம்பழுப்புப் பெண்குதிரையையும் பார்த்தேன். தட்டையான சேணம், அதன்கீழ் வெள்ளைத் துணி இல்லை. வாயில் இரண்டு கடிவாள இரும்பு, பிடிக்க நான்கு வார். நெற்றியில் சிவப்புப் பட்டை. எல்லாம் சரி.

காலையிலிருந்து சனம் அந்தக் குதிரையைச் சுற்றி நின்று படமெடுத்தபடி, என்ன அழகு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. தங்கை கையுறை எடுக்கப் போன நேரத்தில், கோயிலில் வாங்கி வைத்திருந்த கறுப்பு நூலை அதன் முன்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே, மயிருக்குள் மறையக் கட்டினேன். கால்களில் கட்டுத்துணி கூடாது, தோலுறை கூடாது என்று விதி சொல்லியது. எனக்கு நூல் அந்தக் கணக்கில் வரவே இல்லை. எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றின் காலிலும் அது இருந்தது.

மைதான வாசலில் பரிசோதகர் ஒரு பெண். குதிரையின் காலைத் தடவிக்கொண்டே வந்த விரல் அந்த இடத்தில் நின்றது. இது என்ன என்று கேட்டார். அவர் முகம் மாறியதன் காரணம் எனக்கு உடனே விளங்கியது. குதிரை காலை இன்னும் உயரத் தூக்குவதற்காக அந்த இடத்தில் உறுத்தும்படி எதையாவது கட்டும் ஏமாற்றுக்காரர் உண்டு. அதுவும் புத்தகத்தில் இருந்தது.

பயிற்சியாளர் வீப்கே முந்திக்கொண்டார். இரவு கட்டிய துணியிலிருந்து பிரிந்த நூல் என்றார். பரிசோதகர் தலையாட்டிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். அதோடு முடிந்திருக்கும். தங்கை உள்ளே போயிருப்பாள்.

"அது துணி நூல் இல்லை. நான் கட்டியது," என்றேன் ஜெர்மன் மொழியில். "கண்ணூறு படாமலிருக்கக் கட்டுவது. சவாரி செய்பவருக்குத் தெரியாது."

நடுவர் வந்தார். காலை மடக்கித் தோலை அமுக்கிப் பார்த்தார். காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. நம்புகிறேன் என்றார். ஆனாலும் தெரிந்து கட்டிய பொருள் காலில் இருந்தால் அந்தப் பிரிவில் இடமில்லை என்றார். விதி அப்படித்தான். நான் அதை மறுக்கவில்லை.

தங்கை குதிரையிலிருந்து இறங்கினாள்.

"வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் நான் இப்ப உள்ளுக்கு நிண்டிருப்பன்."

"பொய்யோட நிண்டிருப்பாய்."

"பொய் வீப்கேன்ர. நூல் உங்கட. பேர் மட்டும் என்ர, அண்ணை."

செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அறிக்கைப் படிவத்தில் சவாரி செய்பவர், உரிமையாளர், பயிற்சியாளர் என்று மூன்று கோடுகள்தான். அண்ணனுக்கு இடமில்லை. அவள் பெயரின்கீழ் அந்தக் குற்றத்தை எழுத விடமாட்டேன் என்றேன். அலுவலக மேசைக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் நடுவரே பேனாவை எடுத்து, நூலைக் கட்டியவர் அண்ணன் அரியரத்தினம், சவாரி செய்பவர் அறியார் என்று படிவத்தின் ஓரத்தில் எழுதினார். கீழே நான் கையெழுத்து வைத்தேன்.

திரும்பியபோது தங்கை எனக்குப் பின்னால் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. மூன்று மணிக்கு வேறொரு பிரிவு இருந்தது. பன்னிரண்டு மணி வரைக்கும் அதற்குப் பெயர் கொடுக்கலாம்.

"அதுக்கு அன்ட்ராக் படிவம் நிரப்பப் போறன்," என்றாள். "நீங்கள் லாயத்துக்குள்ள வரக் கூடாது. அண்ணியோட போய் இருங்கோ."

"ஆர் உன்னைச் சரிபார்க்கிறது?"

"நான்தான்."

இந்த வயது வரைக்கும் என்னை ஒரு வாசலுக்கு வெளியே நிறுத்தியவர் எவருமில்லை. தங்கை நிறுத்தினாள். நான் போய்ப் பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு வாசலில் அதே பரிசோதகர் லோட்டேயின் நான்கு கால்களையும் இரண்டு தரம் தடவினார். தங்கை அவர் தலையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. போகலாம் என்று பரிசோதகரின் கை அசைந்தது. உள்ளே போனாள்.

ஆறு குதிரைகள். அவள் முதுகு கோல் வைத்தது போல் நின்றது. கைகள் மட்டும் மெல்ல இயங்கின. இரண்டாம் சுற்றில் எங்களைக் கடந்தபோது கண்டேன். கோட்டின் பின்னால் குத்திய போட்டி இலக்கம் இடது பக்கம் அரை விரல் சாய்ந்திருந்தது. எழுந்துவிட்டேன். கையால் சைகை காட்டினால் அவளுக்குத் தெரியும் தூரம்.

"இருங்கோவன்," என்றாள் ரஞ்சினி.

இருந்தேன். இலக்கம் சாய்ந்தபடியே தங்கை மூன்றாவது சுற்றுக்குத் திரும்பினாள்.