பெர்சிஸை எந்தப் பேராசிரியரிடம் சேர்ப்பது

1

இந்தக் கதையில் பாதிதான் என்னுடையது. மீதிப் பாதி, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறியதிலிருந்து இறங்கும்வரை என் நண்பர் சங்கரநாராயணன் புலம்பிக்கொண்டே வந்தது. அவர் இயற்பியல் பேராசிரியர். அவர் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிறுவனம் திருவொற்றியூரில் இருக்கிறது. போய்த் தேடாதீர்கள், அதைக் கட்டியது நான்தான்.

அங்கே முனைவர் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் ஆறு மாதம் ஒரு பேராசிரியரிடம் அறிமுக ஆய்வு செய்ய வேண்டும். பிடிக்காவிட்டால் வேறொருவரிடம் மாறிக்கொள்ளலாம் என்று விதி உண்டு. மாறியவர் எவரும் இல்லை. மாறினால் பேராசிரியருக்கு மனத்தாங்கலாம். ஆக, ஆறு மாதம் என்று போனவர்கள் ஐந்து வருஷம் அங்கேயே குடித்தனம் நடத்துகிறார்கள்.

யாரை யாரிடம் சேர்ப்பது என்பதைப் பேராசிரியர்கள் மூடிய அறையில் டீ குடித்தபடி முடிவு செய்வார்கள். மாணவர்கள் வராந்தாவில் நிற்பார்கள். (பெண் பார்க்கும் வீட்டிலாவது பெண்ணை ஒரு தடவை கூடத்துக்குக் கூப்பிடுவார்கள்.)

2

தொடக்கம் ஒன்று: ‘உப்புக்காற்று முகத்தில் அறைய, ராயபுரத்துப் பெர்சிஸ் கடலைப் பார்த்தபடி நின்றாள். அலைகள் அவளிடம் ஏதோ—’

வேண்டாம். அலைகள் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

தொடக்கம் இரண்டு: ‘வலை பின்னிய விரல்கள் இன்று சமன்பாடுகளை—’

இதை எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். பெர்சிஸ் வலை பின்னியதில்லை. அவள் அப்பா கஸ்பார் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஒரே ஒரு முறை படகில் ஏறி, கரை மறைவதற்குள் வாந்தி எடுத்தாள்.

இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கும் அவளுக்கு வேண்டியது நியூட்ரான் நட்சத்திரம். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். நிறுவனத்தில் அந்தக் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் சங்கரநாராயணன். அவரிடம் இந்த வருஷம் ஒரே ஓர் இடம்.

3

முதல் கூட்டத்தில் பேராசிரியர் வரதன் முந்திக்கொண்டார். எண்ணூர்க் கழிமுகத்துத் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று ஒளியைப் பாய்ச்சி அளக்கிறவர் அவர்.

“பெர்சிஸை எனக்குக் கொடுத்துடுங்க. ராயபுரம் பொண்ணு, கடல் அவ ரத்தத்துலயே ஊறியிருக்கும். படகுக்காரங்ககிட்ட அவங்க பாஷையில பேரம் பேசவும் ஒரு ஆள் வேணும்.”

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். மண்ணின் மகளுக்கு மண்ணின் ஆய்வு: சமூக நீதி செய்த மாதிரியும் ஆயிற்று, டீ ஆறுவதற்குள் முடிந்த மாதிரியும் ஆயிற்று. திங்கள்கிழமை மறுபடி கூடி உறுதிசெய்வதுதான் பாக்கி.

சங்கரநாராயணன் வாயைத் திறக்கவில்லை. மாணவரைக் கேட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல் என்பது அவர் கொள்கை. மிஞ்சியவரை ஏற்றுக்கொள்வார்.*

* அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

4

செய்தி வராந்தாவுக்குக் கசிந்து, சாயங்காலம் ராயபுரம் கல்மண்டபத்தில் பெர்சிஸ் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

“இன்னாது, கடல் நம்ம ரத்தத்துல கீதா?” என்றார் கஸ்பார். “நம்ம ரத்தத்துல சுகர்தான் கீது.”

பெர்சிஸ் சிரிக்கவில்லை. “அஞ்சு வருசம்பா. படகுல குந்திகினு, பேரம் பேசிகினு. அதுக்கா படிச்சேன்?”

“வாணாம்னு சொல்லு.”

“யார்கிட்ட? என்னை உள்ள கூப்புடவே மாட்டாங்க.”

இந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வரதன் மேல் கொஞ்சம், என் மேல் அதிகம். வட சென்னைக் கதை கேட்ட பத்திரிகைக்காரர், “கொஞ்சம் கடல் வாசனையோட இருக்கட்டும்” என்றார். நானும் சரி சரி என்று அவளைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். வரதனுக்குப் படகு வேண்டும், எனக்குக் கதை வேண்டும்.

5

முடிவு அ: சங்கரநாராயணன் எழுந்து, “இந்தப் பெண் எனக்கு வேண்டும்” என்கிறார். (அழகான முடிவு. ஆனால் மனிதரை எனக்குத் தெரியும்.)

முடிவு ஆ: பெர்சிஸ் எண்ணூருக்குப் போகிறாள். கருவிக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுக்கிறாள். தண்ணீர் திடீரென்று கலங்கியதை வரதன் கண்டுபிடிப்பாக அறிவித்துக் கட்டுரை வெளியிடுகிறார். (நீங்கள் ஒரு நிமிஷம் சிரிப்பீர்கள். அவள் ஐந்து வருஷம் வாந்தி எடுப்பாள்.)

முடிவு இ: வாசகரே, நீங்களே தீர்மானியுங்கள்— என்று நழுவத்தான் பார்த்தேன். ஆனால் ராயபுரம் என்றதும் அவளைப் படகில் ஏற்றியவர்கள் உங்களில் எத்தனை பேர்? உங்களையும் நம்ப முடியவில்லை.

6

திங்கள்கிழமை. உள்ளே டீ வந்துவிட்டது. ‘பெர்சிஸ் கதவோரம் தலைகுனிந்து—’ என்று எழுதினேன். அவள் குனியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“என்னம்மா, வெளிய இரு. கூப்பிடுவோம்” என்றார் வரதன்.

“கூப்பிட மாட்டீங்க, சார்.”

அறையில் ஒருவரும் டீயைத் தொடவில்லை. எனக்குப் பதற்றமாகிவிட்டது. வானம், விண்மீன், வட சென்னையின் உரிமை என்றெல்லாம் சேர்த்து, அவள் பேசுவதற்கென்று ஒரு பத்தி வசனம் மளமளவென்று எழுத ஆரம்பித்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீ ஒண்ணும் எழுதித் தர வாணாம், சார். கொஞ்சம் கம்முனு இரு. நானே பேசிக்கிறேன்.”

பேனாவை மூடிவிட்டேன்.