எவராலும் எடுக்க முடியாதபடி

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவளுக்குத் தெருவில் டாக்டரம்மா என்று பெயர். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். செத்ததென்று நாலு கடை கைவிட்ட பெட்டியும் அவள் மேசைக்கு வந்தால் எழுந்து உட்காரும்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஷட்டரைத் தூக்கிய கையோடு, லேப்டாப்பும் கையுமாக ஒருவர் வந்து நின்றார். மருந்துக் கம்பெனியில் விற்பனையாளராம். மடிப்புக் கலையாத சட்டை, நிதானமான குரல்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் புதுசா போட்டுக் குடுங்க."

ஆன் செய்தாள். பாஸ்வேர்டு கேட்கும் திரையில் ஒரு பெண், பறக்கும் முடியை ஒதுக்கியபடி சிரித்தாள்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க சார்."

"தெரியாது. என் வீட்டுக்காரியோடது. அவ இப்ப இல்ல."

டாக்டரம்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "போட்டோ கீட்டோ இருக்குமே. பாஸ்வேர்டு இல்லாட்டியும் எடுக்க வழி இருக்கான்னு பாக்கறேன்."

"வேண்டாம்மா. பாக்கப் பாக்க மனசு தாங்கல." சற்று நின்று கேட்டார். "அழிச்சதை அப்புறம் யாராவது தோண்டி எடுக்க முடியுமா?"

"பழைய டிஸ்க்குன்னா எடுக்கலாம். இது எஸ்எஸ்டி. நான் துடைச்சு விட்டா எந்தக் கொம்பனாலும் முடியாது."

சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 'எவராலும் எடுக்க முடியாதபடி அழிக்கவும்' என்று வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பென்டிரைவைச் செருகி லேப்டாப்பைக் கிளப்பினாள். டிஸ்க்கைத் துடைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருந்த பிரிவுகளெல்லாம் போய், 'காலி இடம்' என்று ஒற்றை வரி நின்றது. அதன்மேல் புதிய விண்டோஸ் ஏறியது. இரண்டு முறை அணைந்து எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அடியில் கடை ஸ்டிக்கரை ஒட்டி, மதியத்துக்குள் கொடுத்தனுப்பினாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். வேலை முடிந்து உடை மாற்றாமல் நேராக வந்திருந்தாள்.

"இது எங்க அக்காவோடது. ஞாபகமா நீயே வச்சுக்கன்னு மாமா குடுத்தாரு. தொறந்தா ஒண்ணுமே இல்ல. கீழ உங்க ஸ்டிக்கர் இருந்துச்சு."

"என்னம்மா தேடறீங்க?"

"வீட்ல நடக்கறதெல்லாம் இதுல எழுதி வச்சிருந்தா. எனக்கு ஏதாவது ஆனா தொறந்து பாருடின்னு பாஸ்வேர்டு குடுத்திருந்தா. மாடிப்படியில அவ தவறி விழுந்துட்டான்னு சொல்றாங்க."

ஒன்றும் கிடைக்காது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் மீட்கும் மென்பொருளை ஓட்டினாள். மூன்று மணி நேரம் ஓடியது. நர்ஸ் ஸ்டூலில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவில் பழைய கோப்பு ஒன்றுகூட வரவில்லை.

"வராதுன்னு தெரிஞ்சுதானே ஓட்டினீங்க?"

"ஆமாம்மா. சொல்ல வாய் வரல." ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாள். "அவரும் பாவம், பொண்டாட்டி போன துக்கத்துல வந்தாரு. நானும் யோசிக்கல."

"எப்ப வந்தாரு?"

"அஞ்சாந்தேதி."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "அக்கா செத்தது ஏழாந்தேதி."

டாக்டரம்மா சீட்டுக் கட்டைப் பிரித்தாள். ஐந்தாம் தேதிதான், கையெழுத்தும் இருந்தது.

"ஆறாந்தேதி என்கிட்ட போன்ல பேசினா," என்றாள் நர்ஸ். "லேப்டாப்பு ரிப்பேருக்குப் போயிருக்குடின்னு சொன்னா."

டாக்டரம்மா தன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத. சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு," என்றார் அவர். அவள் போனை வைத்துவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டாள். பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிப் பூட்டி, நர்ஸோடு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. கூண்டில் ஏறிய டாக்டரம்மாவை விற்பனையாளரின் வக்கீல் குடைந்தார்.

"'இப்ப இல்ல'ன்னா, வீட்ல இல்லன்னு அர்த்தம் வரக்கூடாதா?"

"மனசு தாங்கலன்னும் சொன்னாருங்க."

"அதுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அழிச்சது யாரு?"

"நான்தான்." குரல் உள்ளே போய்விட்டது. எழுத்தர் கேட்கவில்லை என்றதும் இன்னொரு முறை சொன்னாள்.

படிக்கட்டில் சத்தம் கேட்டதாக எதிர்வீட்டுக்காரி சொன்ன சாட்சியமும், உடம்பில் முன்பே இருந்த காயங்களும், அந்தச் சீட்டும் சேர்ந்து கடைசியில் விற்பனையாளருக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தன.

தீர்ப்பன்று கோர்ட்டு வாசலில் டாக்டரம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் கையை உருவிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை.

"அவன் உள்ள போயிட்டான். சரி," என்றாள். "அவ எனக்கு என்ன எழுதி வச்சான்னுதான் தெரியாமப் போச்சு."

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் வந்ததும் நர்ஸ் ஏறிப் போனாள்.