நடுவில் நிற்கிற வேலை

என் வேலை என்னவென்று என் மாமியாருக்கு இன்று வரை பிடிபடவில்லை. "ரெண்டு பேருக்கு நடுவுல நின்னு பேசறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்பார். கணவர் அதற்கும் ஒருபடி மேலே போய் எனக்குத் 'தரகர்' என்றே பெயர் வைத்துவிட்டார். சிரித்துவிட்டுப் போகட்டும். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு கிளை, அந்தப் பக்கம் ஒரு கிளை, இரண்டுக்கும் கம்பெனி ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஓரகத்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்று கண்டுபிடித்தது இன்னொன்றுக்குப் போய்ச் சேர வெளியாள் ஒருத்தி வேண்டும். அதற்காகத் தலைமை அலுவலகம் எங்கள் சின்ன நிறுவனத்தைப் பிடித்தது. நிறுவனம் என்னை அனுப்பியது.

இரண்டு கிளைகளும் செய்வது ஆஸ்பத்திரியில் ட்ரிப் குழாயில் மாட்டுகிற சின்ன பிளாஸ்டிக் வால்வு. அந்தப் பக்கத்து வால்வை நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும், மெல்லிய விரிசல் விழுந்து மருந்து வெளியே ஒழுகும். இந்தப் பக்கத்து வால்வுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பக்கத்து மேலாளர் எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பார், அதனால் அவருக்குப் பெயரே பார்க்கலாம். "எங்க வால்வுல குறையே இல்லம்மா, நர்சுங்க அழுத்தித் துடைக்கிறாங்க" என்றார். 

இந்தப் பக்கத்தில் விவரம் தெரிந்தவர் லேப் அக்கா. ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறைதான் லேப். அவரும் அவரோடு மூன்று பேரும் இருந்தார்கள். முதல் நாள் என்னை உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், விஷயத்தை மட்டும் கொடுக்கவில்லை.

"போன தடவை அந்தப் பக்கத்துக்கு ஒரு மெஷின் டிசைன் குடுத்தேன்" என்றார். "அதான் அங்கயே நடக்குதேன்னு சொல்லி என் ஆளுங்க ரெண்டு பேரைத் தூக்கிட்டாங்க. இதையும் குடுத்தா லேப்பையே தூக்கிடுவாங்க."

"அப்படி நடக்காதுக்கா."

"நீ எப்படிச் சொல்ற?"

"நான் பொறுப்பு. உங்க லேப்புக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா எழுந்து மூலையிலிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார். சூடு முகத்தில் அடித்தது. அச்சிலிருந்து வந்த வால்வை அப்படியே ஏசிக் காற்றில் போட்டால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிடும், ஸ்பிரிட் பட்டதும் பிளந்துகொள்ளும். இந்தப் பெட்டியில் வைத்து மெதுவாக ஆறவிட்டால் இறுக்கம் போய்விடும். எந்த அளவு சூடு என்பது உருக்கி அச்சில் விடுகிற பிளாஸ்டிக் குருணையைப் பொறுத்தது. ஒவ்வொரு தடவை குருணை வரும்போதும் லேப்பில் சோதித்துத்தான் சூட்டை முடிவு செய்கிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய் அந்தப் பக்கத்தில் சொன்னேன். பெட்டி வாங்கினார்கள், விரிசல் நின்றது. பார்க்கலாம் அதோடு விடவில்லை, பெட்டியை நீளமாக்கி உற்பத்தி வரிசையோடு சேர்த்துவிட்டார். வால்வு ஓடிக்கொண்டே ஆறியது. நல்ல யோசனைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் புதுக் குருணை வரும்போதெல்லாம் அக்காவுக்குப் போன் போட்டுச் சூட்டைக் கேட்டுக்கொண்டவரும் அவர்தான்.

அதன்பிறகு அந்தக் கூட்டம் வந்தது. திரையில் தலைமை அலுவலகத்து ஆள் பல்லெல்லாம் தெரியப் பேசினார். "ரெண்டு கிளையும் கைகோத்ததுல ரொம்ப சந்தோஷம். விஷயம் எல்லாம் அந்தப் பக்கம் போயிட்டதால இனிமே இந்தப் பக்கம் தனியா லேப் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

அக்கா கேமராவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"லேப் இல்லன்னா சூட்டை யார் சொல்லுவா?" என்று கேட்டேன். "அந்தப் பக்கத்து மேலாளரையே கேளுங்க சார். குருணை வந்தா அக்காவுக்குத்தானே போன் போடறார்?"

எல்லோரும் பார்க்கலாமைப் பார்த்தார்கள். அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தண்ணீர் கிளாஸை நகர்த்தி வைத்தார். "அதெல்லாம் நாங்களே சமாளிச்சுக்குவோம் சார்" என்றார். மற்ற நாளெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று உயிரை வாங்குகிறவருக்கு அன்றைக்கு மட்டும் உறுதி எங்கிருந்துதான் வந்ததோ. அந்த நீளப்பெட்டி அவர் பேரில் விருதுக்குப் போயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் மறுபடி வாயைத் திறந்தேன். குரல் போகவில்லை. எங்கள் முதலாளி என் மைக்கை அடைத்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் கூப்பிட்டு, "நம்ம வேலை சேத்து வைக்கறது. வக்காலத்து வாங்கறது இல்ல" என்றார். சேர்த்து வைத்த லட்சணம்தான் தெரிகிறதே என்றேன். வேலை போகவில்லை, அது அவர் பெருந்தன்மையாம்.

லேப்பை மூடினார்கள். அக்காவுக்கும் அந்த மூன்று பேருக்கும் வேலை போனது. இரும்புப் பெட்டியைக்கூட அந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே குருணை விற்கிறவர் மாறினார். வால்வு மறுபடி பிளந்தது. ஒரு ஆஸ்பத்திரி மொத்தத்தையும் திருப்பி அனுப்பியது. பார்க்கலாம் என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மா நம்பர் போட்டா எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் நடுவுல வாங்களேன்."

வாயாரத் திட்டினேன். மனுஷன் அத்தனையையும் வாங்கிக்கொண்டார், அதிலும் எனக்கு எரிச்சல். ஆனால் ட்ரிப் ஏறுகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவரை லைனில் வைத்துக்கொண்டே அக்காவுக்குப் போட்டேன். என் நம்பரைப் பார்த்து எடுத்தார். அவரும் லைனில் இருக்கிறார் என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். அக்கா முழுதும் கேட்டார்.

பிறகு, "அன்னைக்கு நீங்க எனக்காகப் பேசினீங்க, கேட்டேன்" என்றார்.

"அக்கா, என்ன 'நீங்க'ன்னு..."

"அவர் அன்னைக்கு அப்படிச் சொன்னதுல எனக்குப் பெரிசா கோவம் இல்ல. அவர் எனக்கு எந்த வாக்கும் குடுக்கல. நீங்கதான் பொறுப்புன்னு சொன்னீங்க. லேப்பு உங்க கையிலயா இருந்தது? உங்க கையில இல்லாததுக்கு ஏன் வாக்குக் குடுத்தீங்க?"



"சார், லைன்ல இருக்கீங்களா?" என்று அக்கா கேட்டார். இருக்கிறேன் என்றார் பார்க்கலாம்.

"குருணை பேரைச் சொல்லுங்க, என்ன பண்ணணும்னு சொல்றேன். இனிமே உங்களுக்கு வேணும்னா நீங்களே கூப்பிடுங்க, எடுக்கறேன்." பிறகு என்னிடம், "நீங்க வெச்சிடுங்க மேடம். இது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றார்.

நான் போனை வைத்தேன்.